உறவினர் கடன் கேட்டு வந்தால்: கையெழுத்தா, நகையா, பங்கா, கொடையா?

கார்த்திகை பிறந்து வாடைக்காற்றில் கடல் எழும்பத் தொடங்கியதும், திருகோணமலையில் மாதச் சம்பளம் வாங்குகிற வீடுகளின் படலைகள் அடிக்கடி திறக்கும். கரையில் தொழில் படுத்துவிடும். சித்திரையில் கடல் அடங்குவதற்குள் என்ஜின் திருத்த வேண்டும், வலை பொத்த வேண்டும். இடையில் நத்தார், பிள்ளைகளின் பள்ளிச் செலவு, யாராவது ஒருவருக்கு வைத்தியசாலைச் செலவு. கேட்டு வருபவர் பெரும்பாலும் தங்கையின் கணவர், ஆராதனையில் நமக்கு முன் வாங்கில் இருப்பவர் அல்லது சிறு வயதில் நமக்குச் சோறு போட்ட அயல்வீட்டு அம்மா. அந்நியர் அபூர்வம்.

கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியை இயேசு முன்பே தீர்த்துவிட்டார். மலைப் பிரசங்கத்தில், "உன்னிடத்தில் கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே" என்கிறார். ஆனால் எந்த வழியில் உதவுவது என்பதை நம்முடைய புத்திக்கு விட்டிருக்கிறார். பலர் தடுமாறுவது அங்கேதான். நல்ல மனதோடு தவறான வழியைத் தெரிந்தெடுத்து, இரண்டு குடும்பங்கள் ஒரே கோவிலில் முகம் பாராமல் இருக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். அதனால் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். உப்புவெளிக் கரையில் தொழில் செய்யும் மைத்துனர் ஒருவருக்கு என்ஜினுக்காக மூன்று இலட்சம் ரூபாய் வேண்டும். நாம் கைவிரித்தால் அவர் எங்கே போவார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது தெரியாமல் நம்முடைய வழிகளை எடைபோட முடியாது.

மீட்டர் வட்டிக்காரரிடம் போகலாம். மாதம் நூற்றுக்குப் பத்து என்றால் மூன்று இலட்சத்துக்கு மாதம் 30,000. பத்து மாதத்தில் முதலளவு பணம் கட்டி முடித்திருப்பார், முதல் அப்படியே நிற்கும். கரையில் மீன் வாங்கும் முதலாளியிடம் முற்பணம் வாங்கலாம். அதற்கு வட்டி என்று எதுவும் எழுதப்படாது. ஆனால் கடன் தீரும்வரை பிடிக்கிற மீனெல்லாம் அவருக்கே போக வேண்டும், விலையும் அவர் சொல்வதே. மனைவியின் பெயரில் நுண்கடன் எடுக்கலாம். 2004இல் சுனாமிக்குப் பின்னும் 2009இல் போர் முடிந்த பின்னும் இந்தக் கரைக்கு நிறுவனங்கள் பெருமளவில் கொண்டுவந்த கடன் இது. பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கு மற்றவரைப் பிணையாக்கும், வாராவாரம் வாசலில் வந்து நிற்கும். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர வேண்டியிருந்தது என்றால், அந்தச் சுமையின் அளவை ஊகிக்கலாம். இப்போது கைத்தொலைபேசிச் செயலிகளும் கடன் கொடுக்கின்றன. தவணை பிந்தினால் தொலைபேசியில் உள்ள உறவினர்களுக்கெல்லாம் அழைப்பு எடுத்து மானத்தை வாங்குகின்றன.

கடலோடிகளின் கடனைச் சோம்பலின் விளைவாகப் பேசுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்கு ஏறியது. சிறு படகுகளின் என்ஜின் அதிலேதான் ஓடுகிறது. எவ்வளவு உழைத்தாலும் அந்த ஏற்றத்தை மீன் விலை உடனே ஈடுசெய்துவிடாது.

இனி நம்முடைய வழிகள். அரச உத்தியோகத்தரிடம் முதலில் கேட்கப்படுவது பணம் அல்ல, கையெழுத்து. "அண்ணா, வங்கியில் இரண்டு பேர் பிணை கேட்கிறார்கள். நீங்கள் ஒரு ரூபாயும் தர வேண்டாம்" என்பார்கள். கேட்பவருக்கும் கூச்சம் குறைவு, கொடுப்பவருக்கும் பை உடனே குறையாது. இதனாலேயே இது எல்லாவற்றிலும் எளிதான உதவியாகத் தெரிகிறது. நான் இதை எல்லாவற்றிலும் மோசமானதாக வைக்கிறேன்.

நீதிமொழிகள் நூல் பிணைப்படுவதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. 6ஆம், 11ஆம், 17ஆம், 22ஆம் அதிகாரங்கள் எல்லாவற்றிலும் அந்தக் குரல் இருக்கிறது. செலுத்த ஒன்றும் இல்லாதவன் பிணை நின்றால் அவன் படுத்திருக்கும் படுக்கையும் போய்விடும் என்று 22ஆம் அதிகாரம் நேரடியாகச் சொல்கிறது. இரக்கமே நற்பண்பு என்று போதிக்கும் அதே நூல் இங்கே ஏன் இவ்வளவு கடுமையாக நிற்கிறது? பிணை நிற்பவர் தன்னிடம் இல்லாததைக் கொடுப்பதாக வாக்களிக்கிறார். அந்த வாக்கு உடைந்தால் சேதம் அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேருகிறது. அவர்களை யாரும் கேட்டதில்லை. கடன் கொடுக்குமுன் வங்கிகள் பார்க்கும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் பிணை நின்ற கடனும் உங்கள் பெயரோடு வரும். நாளைக்கு உங்கள் மகளின் படிப்புக்காக வங்கிக்குப் போகும்போது அது முன்னால் நிற்கும்.

அப்படியானால் பிணை நிற்பது முற்றாகத் தவறா? அப்படிச் சொல்ல விடாமல் பிலேமோனுக்கு எழுதிய நிருபம் தடுக்கிறது. ஓடிப்போன அடிமை ஒநேசிமுவை எசமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பும்போது பவுல், அவன் உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள், நானே தீர்ப்பேன் என்று தன் கையாலேயே எழுதுகிறார். அவரும் பிணைதான் நிற்கிறார். ஆனால் தீர்க்கும் எண்ணத்தோடு நிற்கிறார். "சும்மா ஒரு கையெழுத்து" என்ற பேச்சே அங்கே இல்லை. ஆகவே என் அளவுகோல் இது: அந்த முழுத் தொகையையும் நானே கட்ட நேர்ந்தாலும் என் வீடு குலையாது, என் மனைவிக்கும் அது தெரியும், அவரும் சம்மதித்தார் என்றால் கையெழுத்திடலாம். அதற்கு மேல் ஒரு ரூபாய்க்கும் கூடாது. பெரும்பாலான சம்பளக்காரருக்கு இந்த அளவுகோலில் மூன்று இலட்சம் தேறாது.

இரண்டாவது, நகை கொடுப்பது. நம் பெண்கள் காலம்காலமாகச் செய்யும் உதவி இது. கையில் காசு இல்லை, ஆனால் தாலிக்கொடியோடு இரண்டு வளையல் இருக்கிறது, அதைக் கொண்டுபோய் அடகு வைத்துக்கொள் என்று தங்கைக்குக் கழற்றிக் கொடுப்பார்கள். பிணையைவிட இது நேர்மையானது. இழக்கக்கூடிய பொருள் எது, எவ்வளவு என்பது முதல் நாளே கண்ணுக்குத் தெரிகிறது. இழப்பு அந்த வளையல்களோடு நின்றுவிடும். ஆனால் இங்கேயும் ஒரு நடைமுறைக் கவனம் வேண்டும். அடகு யாருடைய பெயரில் வைக்கப்படுகிறதோ அவருடைய கையிலேயே மீட்பு இருக்கிறது. உங்கள் பெயரில் வைத்துப் பற்றுச்சீட்டை நீங்களே வைத்திருந்தால், அவர் வட்டி கட்டத் தவறும் மாதத்தில் நீங்கள் கட்டி நகையை ஏலத்திலிருந்து காப்பாற்றலாம். இதைச் செய்வது அவரை நம்பாத செயல் ஆகாது.

நகை உதவியில் இன்னொரு பக்கம் எனக்கு உறுத்துகிறது. முடிவெடுப்பவர் பெரும்பாலும் கணவர், கழற்றிக் கொடுப்பவர் மனைவி. தன்னுடைய தியாகத்தைத் தானே செய்யாமல் மனைவியின் கழுத்திலிருந்து செய்கிறவரின் தாராளத்தைக் கிறிஸ்தவத் தாராளம் என்று நான் ஏற்கமாட்டேன்.

மூன்றாவது, வட்டிக்குக் கொடுப்பது. வங்கியில் போட்டாலும் வட்டி வருகிறதே, அதே வட்டியை மைத்துனரிடம் வாங்கினால் என்ன தவறு என்று கேட்கிறவர்கள் சபையிலேயே இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். யாத்திராகமம், லேவியராகமம், உபாகமம் மூன்றும் ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்குவதைத் தடுக்கின்றன. 15ஆம் சங்கீதம், தன் பணத்தை வட்டிக்குக் கொடாதவனையே கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவனாகக் காண்கிறது. 325இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய நீக்கேயா பொதுச்சங்கம் வட்டி வாங்கும் குருமாரைப் பதவி நீக்கச் சொன்னது. 1745இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் கடன் கொடுத்தது என்ற ஒரே காரணத்துக்காக மேலதிகம் கேட்பதைக் கண்டித்தார். மறுபக்கம், 16ஆம் நூற்றாண்டில் புரட்டஸ்தாந்து சீர்திருத்தவாதி கல்வின் வட்டியை முற்றாகத் தடைசெய்ய முடியாது என்று வாதிட்டார். ஆனால் அவரும் ஏழையிடம் வாங்கக் கூடாது, கடன் வாங்கியவருக்கும் அந்தப் பணத்தால் ஆதாயம் இருக்க வேண்டும் என்று எல்லை கட்டினார்.

இவர்களுக்குள் எவ்வளவு வேறுபாடு இருந்தாலும் ஓரிடத்தில் எல்லோரும் சேர்ந்து நிற்கிறார்கள்: நெருக்கடியில் வந்தவனின் நெருக்கடியை வருமானமாக்கக் கூடாது. வைத்தியச் செலவுக்கோ அரிசிக்கோ கேட்பவரிடம் ஒரு வீதமும் வாங்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்ஜின் வாங்குவது வேறு, அது உழைக்கும் பொருள். அங்கே வட்டியைவிட நல்ல வழி ஒன்று நம் கரையிலேயே இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

நான்காவது, வட்டியில்லாக் கடன். சபையில் பிரசங்கம் கேட்டு வளர்ந்த எவரும் முதலில் இதையே நினைப்பார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் நம் முஸ்லிம் அயலவர்கள் இதை அழகிய கடன் என்கிறார்கள். வட்டி விடயத்தில் அவர்கள் காட்டும் உறுதி நமக்கு ஒரு சவால் என்றே நினைக்கிறேன். நாமோ அதே வேத வசனங்களைக் கையில் வைத்துக்கொண்டு எளிதாகக் கடந்துபோகிறோம்.

வட்டியில்லாக் கடனில் கொடுப்பவருக்கு உண்மையான இழப்பு உண்டு. அதை மறைத்துப் பேசக் கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். 2021 செப்டெம்பரில் மூன்று இலட்சம் கொடுத்து ஒரு வருடம் கழித்து அதே மூன்று இலட்சத்தை வாங்கியவருக்குக் கிடைத்தது, பழைய விலையில் ஏறக்குறைய 177,000 ரூபாயின் பெறுமதி. மீதி காற்றில் போனது. இதற்குப் பயந்து சிலர் "இரண்டு பவுன் தருகிறேன், இரண்டு பவுனாகவே திருப்பித் தா" என்று பேசிக்கொண்டார்கள். ரூபாய் விழுந்து பவுன் விலை எகிறியபோது வாங்கியவர்கள் நொறுங்கிப் போனார்கள். அந்தப் பாரத்தை யார் சுமப்பது? லூக்காவின் சுவிசேஷம் இதற்கு விடை சொல்கிறது: "கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள்." பணவீக்கம் தின்ற பகுதியைக் கொடுத்தவரே கொடையாக எழுதிக்கொள்ள வேண்டும் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். தாங்க முடியாது என்றால் மூன்று இலட்சம் கேட்டவருக்கு ஒரு இலட்சம் கொடுக்கலாம். தாங்கக்கூடிய ஒரு இலட்சம், தாங்க முடியாத மூன்று இலட்சத்தைவிட உறவைக் காக்கும்.

கடனை எழுதி வைப்பது நல்லது. தொகை, தேதி, எப்போது முதல் எவ்வளவு என்பவற்றை இருவர் கையெழுத்தோடு ஒரு கொப்பித் தாளில் எழுதினாலே போதும். தவணையைக் கடலின் காலத்துக்கேற்ப வைக்க வேண்டும். மார்கழியில் தவணை வைத்துவிட்டு அவர் தரவில்லை என்று குறைப்படுவதில் பொருள் இல்லை. வைகாசி முதல் புரட்டாதி வரை கேளுங்கள். இன்னொன்று, கடனைக் கேட்கப் போகும் விதம். உபாகமம் 24இல் ஒரு சட்டம் இருக்கிறது: அடகு வாங்கப் போனவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடன்பட்டவனே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வாசலில் நின்று சத்தமிடும் வசூல்காரரைப் பார்த்த எவருக்கும் அந்தச் சட்டத்தின் அருமை விளங்கும். பிள்ளைகளுக்கு முன்னால், கோவில் முற்றத்தில், கலியாண வீட்டில் கடனைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

இனி பங்கு. என்ஜினுக்கு என் முதல் தெரிவு இதுவே. நம் கரையில் பங்கு புதிய சொல் அல்ல. செலவு கழித்து மிஞ்சுவதைப் படகுக்கு, வலைக்கு, ஆட்களுக்கு என்று பிரிப்பது தலைமுறைகளாக வரும் வழக்கம். மூன்று இலட்சத்தைக் கடனாகக் கொடுக்காமல் என்ஜினில் பங்காகப் போடலாம். மீன் பட்டால் உங்களுக்கும் ஒரு சிறு பங்கு. படாவிட்டால் உங்களுக்கும் இல்லை. என்ஜின் கடலோடு போனால் உங்கள் பணமும் அதோடு போகும், அவர் உங்களுக்குக் கடனாளி ஆகமாட்டார்.

13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ் வட்டியை உறுதியாக மறுத்தவர். ஆனால் வணிகனோடோ தொழிலாளியோடோ கூட்டாகப் பணம் போட்டு நட்டத்தையும் ஏற்பவர், ஆதாயத்தில் ஒரு பகுதியைக் கேட்பது நியாயம் என்றார். முஸ்லிம்கள் முழாரபா என்பதும் இதற்கு நெருங்கிய ஏற்பாடுதான். வட்டிக்குக் கொடுத்தவர் கரையில் இருந்துகொண்டு வருமானம் பெறுகிறார். கடலில் என்ன நடந்தாலும் அவருக்குக் கவலையில்லை. பங்கு போட்டவர் வாடைக்காற்று எழும்பும் இரவில் மைத்துனரோடு சேர்ந்து பயப்படுகிறார். ஒருவருடைய பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்ன பவுலின் கட்டளைக்குப் பணவிடயத்தில் இதைவிட நெருக்கமான வடிவம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதற்குள் ஒரு பொறியும் உண்டு. பங்கு போட்ட உத்தியோகத்தர் மெல்ல மெல்லக் கரை முதலாளியாக மாறலாம். மீனை யாருக்கு விற்பது, எப்போது போவது என்று கட்டளையிடத் தொடங்கலாம். போட்ட பணத்தைப் போல இரண்டு மடங்கு வந்த பின்னும் பங்கை விடாமல் இருக்கலாம். அதனால் முதல் நாளே முடிவையும் பேச வேண்டும்: போட்ட தொகையும் அதற்கு மேல் இவ்வளவும் வந்ததும் என்ஜின் முழுவதும் அவருடையது என்று. தொழில் தெரியாத நமக்குத் தொழில் பற்றிப் பேச உரிமை இல்லை என்பதையும் அதே தாளில் எழுதினால் நல்லது.

கொடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மருந்துக்கும் உணவுக்கும் மரண வீட்டுக்கும் திருப்பிக் கேட்காமல் கொடுக்க வேண்டும், இடது கைக்குத் தெரியாமல். அந்தத் தேவைகளைக் கடன் ஆக்குவதே தவறு. சாமத்திய வீட்டுக்கும் புதுநன்மை விருந்துக்கும் மண்டபம் பிடிக்கக் கேட்டால் நான் கொடுக்கமாட்டேன். பதிலாக, வீட்டு முற்றத்தில் செய்வோம், சமையலுக்கு நாங்கள் வருகிறோம் என்பேன். விருந்தை இவ்வளவு பெரிதாக்கியதில் வசதியுள்ள நமக்கும் பங்கு இருக்கிறது. நாம் மண்டபத்தில் செய்ததைப் பார்த்துத்தான் அவரும் கேட்கிறார்.

எஞ்சியிருப்பது கூட்டுறவுக் கடன் சங்கம். ஒரே ஆள் வருடாவருடம் கேட்டு வந்தால், அல்லது ஒரே சபையில் இருபது குடும்பங்களுக்கு இதே நெருக்கடி என்றால், தனி ஆளின் தாராளம் போதாது. ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற கிராமப்புற மேயர் இதை அனுபவித்துக் கற்றார். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கையோடு 1840களின் பஞ்சத்தில் விவசாயிகளுக்கு உதவ வசதியுள்ளவர்களைத் திரட்டினார். அவர்களின் தயவு காலப்போக்கில் சோர்ந்தது. 1864இல் ஹெடஸ்டோர்ஃபில் கடன் வாங்குபவர்களே உறுப்பினர்களாகச் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, ஒருவருக்கு மற்றவர்கள் பொறுப்பேற்கும் சங்கத்தை அமைத்தார். இலங்கையில் 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் வந்தது. இன்று ஊர்களில் உள்ள சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் அந்த வழியில் வந்தவை.

நுண்கடன் குழுவிலும் ஒருவருக்கு மற்றவர் பிணைதானே என்று கேட்கலாம். அங்கே வட்டி ஊரை விட்டு வெளியே போகிறது, பிணையின் பயம் மட்டும் ஊருக்குள் தங்குகிறது. சங்கத்தில் வட்டி குறைவு, அதுவும் உறுப்பினர்களுக்கே திரும்புகிறது. கடனைத் தீர்மானிப்பவருக்குக் கடல் எப்போது எழும்பும் என்று தெரியும். இதன் குறை, வேகம் இல்லை. முதலில் சேமிக்க வேண்டும், கூட்டத்துக்குப் போக வேண்டும், கணக்குப் பார்க்க ஒருவர் வேண்டும். இன்று மாலை என்ஜினுக்கு முற்பணம் கட்ட வேண்டியவருக்கு இது உதவாது. ஆனால் கணக்கு எழுதத் தெரிந்த ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் நம் சபைகளில் நிறைய இருக்கிறோம். பத்துப் பேருக்குப் பிணைக் கையெழுத்து வைப்பதைவிட, மாதத்தில் ஒரு மாலை சங்கத்தின் கணக்கோடு உட்காருவது அதிகப் பேரைக் காப்பாற்றும்.

ஆகவே மைத்துனர் படலையைத் திறந்து வந்தால் நான் இப்படிச் சொல்வேன்: "கையெழுத்து வைக்கமாட்டேன், அத்தான். ஒரு இலட்சம் இருக்கிறது, அதை என்ஜினில் பங்காகப் போடுகிறேன். மிச்சத்துக்குச் சங்கத்தில் நாளைக்கே இரண்டு பேரும் போய்க் கேட்போம்." பங்குக்கு அவர் சம்மதிக்காவிட்டால் அதே ஒரு இலட்சம் வட்டியில்லாக் கடன். இரண்டு பருவம் போயும் கடல் தரவில்லை, அவரால் திருப்ப முடியவில்லை என்று தெரிந்தால், அவர் என்னைக் கண்டு ஒதுங்கத் தொடங்கும் முன்பே நான் அவர் வீட்டுக்குப் போய், கடன் முடிந்துவிட்டது என்று சொல்லி அந்தத் தாளைக் கொடுத்துவிட வேண்டும். மனதுக்குள் மன்னித்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால் அது அவருக்குத் தெரியாது. ஏழாம் வருடத்தில் கடன்களை விடுதலை செய்யச் சொன்ன உபாகமம் 15, அந்த விடுதலையை வெளிப்படையாக அறிவிக்கவும் சொல்கிறது.